பாகூரிலிருந்து புறப்பட்ட துக்க வண்டி

வண்டியில் என்னைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு, மடியில் குடையைக் கிடத்தி, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அழலாம் என்றால் வரவில்லை. சும்மா இருக்கலாம் என்றால் பக்கத்து அம்மாள் அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் மூக்கை மட்டும் உறிஞ்சி வைத்தேன்.

பாகூர் ஏரிக்கரை மேல் வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் நல்ல மழை. தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது. மாடுகளின் கழுத்துச் சலங்கையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். துக்கத்துக்குப் போகிற வண்டி சத்தம் போடக் கூடாதாம். சத்தத்தைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

எதிரே, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அஞ்சலாட்சி அம்மாள். கரியமாணிக்கத்துப் பண்ணையார் தெய்வசிகாமணிக்கு ஒரே தங்கை. முந்தானையை எடுக்கும்போதெல்லாம் "எங்கண்ணா, எங்கண்ணா" என்று ஒரு குரல் வரும். மாடுகளே ஒரு கணம் தயங்கும்.

அந்த வண்டியில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. அந்த அண்ணன் சாகவில்லை. அன்று காலையில்தான் என் எதிரே சப்பணமிட்டு, பழைய சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு திருப்தியாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொன்னதால்தான் வண்டியே கட்டினார்கள்.

கருமாதி வாத்தியார்

இது புரிய வேண்டுமானால் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் சரித்திரப் பேராசிரியன் ஆன கூத்தைச் சென்ற வாரம் படித்த ஒரு வாசகர், "அதுசரி, வாழ்க்கை வரலாறு எழுதும் துறைக்கு எப்படி வந்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். மரியாதையான பதில் என்னிடம் இல்லை. கருமாதி வழியாக வந்தேன்.

அப்போது வில்லியனூரில் குடியிருந்தேன். காலை ரயிலில் புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சு ராஜாக்களைப் பற்றிப் பாடம் நடத்துவேன். ராஜாக்கள் வரிசையாகச் செத்தார்கள், வரிசையாகப் பட்டம் கட்டிக்கொண்டார்கள், மாணவர்கள் வரிசையாகத் தூங்கினார்கள். சாயங்கால ரயிலில் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானார். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வசதியான வீடென்றால் கருமாதி அன்றைக்குக் கறுப்புக் கோடு போட்ட நோட்டீஸ் அச்சடித்துக் கொடுப்பார்கள். மேலே ரிஷப வாகனத்தில் சாமி, கீழே செத்தவர் பேரில் சரமகவி என்கிற இரங்கல் பாட்டு. வழக்கமாகப் பாட்டெழுதும் புலவருக்குக் காய்ச்சல். பெரியவரின் மகன் என்னிடம் வந்தான்.

"வாத்தியாரே, நீங்கதான் எழுதணும்."

"எனக்குப் பாட்டெல்லாம் வராதேப்பா."

"பாட்டு வேணாம். நீங்க டெய்லி செத்தவங்களப் பத்தித்தான பாடம் எடுக்கறீங்க? அதே மாரி எங்கப்பாவப் பத்தியும் நாலு வரி எழுதிக் குடுங்க."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. எழுதினேன். எங்கே பிறந்தார், எந்தக் கிணற்றை வெட்டினார், எந்த மாட்டை விற்றுவிட்டு எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தார் என்று வசனமாகவே எழுதினேன். ஊரில் ஒரே பேச்சு. "புலவர் பாட்டு இன்னாத்துக்கு எழுதறாருன்னே தெரியாது. இது படிச்சா அழுவ வருது" என்றார்கள். புலவருக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் தொழில் என் பக்கம் வந்துவிட்டது.

இப்படியாக நான் சரிதாசிரியன் ஆனேன். என் முதல் சரிதங்கள் எல்லாவற்றிலும் கதாநாயகன் தலைப்பிலேயே இறந்துவிடுவார். பிரெஞ்சில் இந்த வேலை செய்கிறவனுக்கு மூக்கால் உச்சரிக்க வேண்டிய அழகான சொல் ஒன்று உண்டு. வில்லியனூரில் 'கருமாதி வாத்தியார்' என்றார்கள்.

குடையும் கையுமாக ஒரு தெருவில் நுழைந்தால் போதும், "யாருக்கு?" என்று கேட்பார்கள். வைத்தியர் கைவிட்ட ஒருவரை நலம் விசாரிக்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். வைத்தியர் பெயர் வாங்கிக்கொண்டார்.

என் சம்சாரம் என்னோடு கல்யாண வீடுகளுக்கு வருவதை விட்டுவிட்டாள். "நீங்க முன்னாடி போயிட்டு வந்துடுங்க, நான் தனியா போய்க்கறேன். பொண்ணு வூட்டுக்காரங்க மொகம் போற போக்கப் பாக்க முடியல" என்பாள்.

உயிரோடு ஒருவர்

இந்த நிலையில்தான் கரியமாணிக்கத்திலிருந்து ஆள் வந்தது. பண்ணையார் தெய்வசிகாமணிக்கு அறுபதாங் கல்யாணம் வருகிறது. சைகோனில் உத்தியோகம் பார்க்கிற மகன் கப்பலேறி வருகிறான். அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக அடித்து, மணையில் உட்கார்ந்திருக்கும்போது சபையில் படிக்க வேண்டும் என்பது மகனின் ஆசை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல்முதலாக உயிரோடு ஒரு கதாநாயகர்! சந்தேகம் வந்தால் அவரையே கேட்கலாம்!

போன பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. உயிரோடு இருக்கிறவரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும். பண்ணையாரின் சாலைக்கரைத் தோட்டத்தைப் பயிரிடுகிற ஒருவரிடம் கேட்டேன்.

"ஐயா எப்படிப்பட்டவர்?"

"சரியான கஞ்சன். எழுதிக்கோங்க."

"பஞ்ச காலத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றினாராமே?"

"ஊத்துனாரு. உப்பு கம்மி."

செத்திருந்தால் இதே மனிதர் என்னை அழவைத்து அனுப்பியிருப்பார்.

சரி, அவரிடமே கேட்போம் என்று பண்ணையாரிடம் போனேன். வீட்டுக்குப் பின்னால் கரும்பாலையில் இருந்தார். மாடுகள் செக்கைச் சுற்றிக்கொண்டிருந்தன. பெரிய கொப்பரையில் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வெல்ல வாசனையோடு, கட்டுமஸ்தாக, அறுபது என்று சொல்ல முடியாத ஆள்.

"சின்ன வயசு கதயா? எனக்கு இன்னா ஞாபகம் கீது? ஒன்னும் இல்ல" என்றார். "பாகூர்ல என் தங்கச்சி கீறா. அஞ்சலாட்சின்னு பேரு. அவளுக்குத்தான் தெரியும். அவளப் போய்க் கேளு."

"நீங்கள் அனுப்பினதாகச் சொல்லட்டுமா?"

"சொல்லிப் பாரேன்! ஒன் புத்தகத்த இந்த அடுப்புலியே வெச்சிடுவேன்."

மனிதருக்கு மறதி என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய ஒவ்வொரு கிணற்றிலும் எந்த ஆழத்தில் பாறை வந்தது என்று முந்தின நாள்தான் மூச்சுவிடாமல் சொல்லியிருந்தார். படித்தவன் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

காலைச் சாப்பாடு முடிந்து நான் கிளம்பும்போது, கொல்லைப் பக்கம் அவர் மனைவி என்னை நிறுத்தினாள்.

"வாத்தியாரே, பாகூருக்கா போறீங்க?"

"ஆமாம்மா."

"எப்டியாச்சும் அவள வரவெச்சிடுங்க. தங்கச்சி வராம மணையில ஒக்கார மாட்டேங்கறாரு. நீ போயி கூப்புடுன்னா கேக்க மாட்டேங்கறாரு, நாம்போயி கூப்புட்டுக்கினு வரேன்னா, அதுக்கும் வுட மாட்டேங்கறாரு. புள்ள கப்பல்ல வந்துக்கினு கீறான். பந்தலுக்குக் கீத்து எறக்கியாச்சு. நான் யார்கிட்ட சொல்லி அழுவறது?"

சண்டை என்ன என்று கேட்டேன். தேர்தல் என்றாள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அஞ்சலாட்சியின் கணவர் ராஜமாணிக்கம் மேர் ஆவதற்கு நின்றார். மேர் என்றால் எங்கள் கொம்யூனுக்கு, அதாவது பல ஊர் சேர்ந்த வட்டாரத்துக்கு, ராஜா மாதிரி. அண்ணன் எதிர்க்கட்சிக்கு முன்னமே வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்குக்காக ஊர் ஊராகப் போய் மச்சானுக்கு எதிராகப் பேசினார். மச்சான் தோற்றார். "என் வூட்டுக்காரர நாலு பேர் சிரிக்க வெச்ச வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று தங்கை போனவள்தான். பிரெஞ்சுக்காரன் எங்களுக்குக் கொடுத்த வோட்டு பல குடும்பங்களில் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

"நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று அந்த அம்மாளிடம் வீரமாகச் சொல்லிவிட்டு, பாகூர்ப் பக்கம் போன வைக்கோல் வண்டியில் தொற்றிக்கொண்டேன். எப்படிக் கூட்டிவருவது என்று யோசிக்கவே இல்லை. வைக்கோல் மெத்தென்று இருந்ததில் தூங்கிவிட்டேன்.

நாய், மோர், நான்

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி சொல்லப் போகிறவனுக்கு ஒரு முறை உண்டு. அவன் வீட்டுக்குள் வரமாட்டான். வாசலில் நின்றே சொல்வான். தண்ணீர் கொடுத்தால் குடிக்கமாட்டான். 'செத்துட்டாரு' என்ற வார்த்தையை வாயால் சொல்லவே மாட்டான். "ஒன்னும் இல்ல, நல்லாத்தான் கீறாரு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்பான். கேட்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். கருமாதியிலேயே காலம் தள்ளியவன். ஆனால் அன்றைக்கு என் ஞாபகத்தில் இருந்தது ராஜமாணிக்கம் வீட்டு நாய் மட்டும்தான்.

கன்றுக்குட்டி உயரம். வாசலில் படுத்தபடி என்னையே பார்த்தது. நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

"யாரு?" என்று வெளியே வந்தாள் அஞ்சலாட்சி அம்மாள். முறத்தில் உளுந்து வைத்திருந்தாள்.

"நான்தாம்மா, வில்லியனூர் வாத்தியார்."

முறம் ஆடுவது நின்றது. என் குடையைப் பார்த்தாள்.

"எங்கேர்ந்து வரீங்க?"

"கரியமாணிக்கத்திலிருந்து."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்க."

"இல்லம்மா, பரவாயில்லை. இங்கேயே நிற்கிறேன்." நாய் எழுந்து சோம்பல் முறித்தது.

"வெயில்ல வந்திருக்கீங்க. மோராவது குடிங்க."

"ஒன்றும் வேண்டாம்மா." பண்ணையார் வீட்டில் காலையில் குடித்த மோரே வயிற்றில் இருந்தது. அதுதான் காரணம்.

"யாரு அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன்."

அவள் குரல் உள்ளே போய்விட்டது. "எங்கண்ணன்... எங்கண்ணன் எப்டி கீறாரு?"

"நன்றாகத்தான் இருக்கிறார். ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள்" என்றேன். பிறகு பேனாவை எடுத்தேன். "சின்ன வயதில் அவர் எப்படி இருந்தார் என்று கொஞ்சம் சொன்னீர்களானால் எழுதிக்கொள்வேன்."

முறம் கீழே விழுந்தது. உளுந்து தெருவெல்லாம் ஓடியது. "அய்யோ, எங்கண்ணா!" என்று அவள் போட்ட குரலில் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடியது. நானும் ஓடியிருக்கலாம். தெரு அடைத்துக்கொண்டது.

"உயிரோடதாம்மா இருக்கார்! சத்தியமா!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொருத்தியிடம் சொன்னாள்: "பாவம், எவ்ளோ பக்குவமா சொல்றாரு பாரு. இவரு வேற யாருக்கு எழுதறாரு? செத்தவங்களுக்குத்தான்."

"அறுபதாங் கல்யாணம்மா! அதற்குப் புத்தகம் எழுதுகிறேன்!"

"அய்யோ, அறுபதப் பாக்காம பூட்டாரே!" என்று நாலைந்து பேர் சேர்ந்து அழுதார்கள்.

வயலிலிருந்து ராஜமாணிக்கம் வந்தார். நெடுநெடு என்று உயரம், தும்பைப்பூ மாதிரி மீசை. தோற்ற அன்றைக்கு முகத்தை எப்படி வைத்திருந்தாரோ அப்படியே இன்னும் வைத்திருந்தார். என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பொம்பளைங்ககிட்ட மறச்சது சரி. எங்கிட்ட உண்மைய சொல்லு வாத்தியாரே. எப்ப?"

"எதுங்க எப்ப?"

"உசுரு எப்ப போச்சு?"

"போகலீங்க. காலையில என்னோட உட்கார்ந்து சாப்பிட்டாருங்க."

"சாப்ட்டுக்கினு இருந்தவரா!" அவர் மரத்தில் கை வைத்து நின்றார். "அப்போ திடீர்னுதான் போயிருக்கு."

இதற்கு மேல் உயிர் கொடுக்க எனக்கு வகை தெரியவில்லை.

அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "என்னப் பத்தி எதனா சொன்னாரா?"

சொல்லியிருந்தார். முந்தின நாள் மாட்டைப் பற்றிப் பேசும்போது சொன்னது. அதை அப்படியே சொன்னேன். "'மேர் வேலைக்கு அவன் லாயக்கில்ல. ஆனா மாட்டுப் பல்லப் புடிச்சிப் பாத்து வாங்கறதுல அவன மிஞ்ச இந்தச் சீமையில ஆள் கெடையாது'ன்னு சொன்னார்."

"அப்டியா சொன்னாரு?"

"ஆமாங்க."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. துண்டை எடுத்தபோது குரல் மாறியிருந்தது. "வண்டியக் கட்டுங்கடா! கடையில போயி மச்சானுக்குப் போத்த ஒரு கோடி வேட்டி வாங்கியா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் கரியமாணிக்கத்துக்குப் போகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக மிதிக்காத வாசற்படிக்கு. இதைத்தானே அந்த அம்மாள் கொல்லைப்பக்கம் நின்று கேட்டாள்?

இனி யாராவது, 'பண்ணையாரா? இப்பத்தான் பார்த்தேன்' என்று சொல்லிவிட்டால் வண்டி திரும்பிவிடும். அதன் பிறகு அஞ்சலாட்சி அம்மாளை எந்தப் பந்தலுக்கும் கூப்பிட முடியாது. உண்மையைச் சொல்லிச் சொல்லித் தோற்றவன், உண்மை வெளியே வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

இங்கிலீஷ்காரன் சீமை

எங்கள் பிரெஞ்சு சீமை ஒரே துண்டாக இருக்காது. பாகூரிலிருந்து கரியமாணிக்கம் போக நடுவில் இங்கிலீஷ்காரன் சீமையைக் கடக்க வேண்டும். கடக்கிற இடத்தில் சுங்கச் சாவடி. ஒரு முழம் துணி இருந்தாலும் பிரித்துப் பார்ப்பார்கள்.

சாவடியில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மூட்டை அது?"

"கோடித் துணி" என்றார் ராஜமாணிக்கம். "கரியமாணிக்கம் பண்ணையாரு பூட்டாரு."

காக்கிச் சட்டை தொப்பியை எடுத்துவிட்டார். "தெய்வசிகாமணி ஐயாவா?" பிறகு புருவத்தைச் சுருக்கினார். "செத்த முந்திதான அவரு வெல்ல வண்டி இந்தப் பக்கம் போச்சு? வண்டிக்காரன் பாட்டுப் பாடிக்கினு போனானே?"

வண்டியில் அழுகை சட்டென்று நின்றது. அஞ்சலாட்சி அம்மாள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ராஜமாணிக்கம் பார்த்தார். மாடு கூடப் பார்த்தது போல இருந்தது.

"வண்டிக்காரனுக்கு இன்னும் சொல்லலை" என்றேன்.

"அடப் பாவமே" என்றார் காக்கிச் சட்டை. "பாவம், பாடிக்கினு போறான்."

அழுகை திரும்ப ஆரம்பித்தது, முன்னைவிடப் பெரிதாக. இப்போது வண்டிக்காரனுக்கும் சேர்த்து அழுதார்கள். நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். வெயில் என்று நினைத்திருப்பார்கள்.

ஊர் எல்லை

கரியமாணிக்கத்து எல்லையில் வண்டி நின்றது. பெண்கள் இறங்கிக் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டார்கள். சாவுக்கு வருகிறவர்கள் ஊர் எல்லையிலிருந்து பாடி அழுதுகொண்டே நடக்க வேண்டும். அஞ்சலாட்சி அம்மாள் முன்னால் நடந்தாள். மார்பில் ஒரு கை வைத்துத் தொடங்கினாள்.

"தேரு பாக்கத் தோள் குடுத்த எங்கண்ணா - வில்லேனூருத்
தேரு பாக்கத் தோள் குடுத்த எங்கண்ணா
தேரவிட ஒசரமுன்னு நெனச்சேனே எங்கண்ணா..."

தெருவில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாருக்கு என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு நடுவில் மறித்துக் கேள்வி கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. ஒவ்வொருவராகக் கூடவே நடந்தார்கள்.

நான் கடைசியில் வந்தேன். பேனா கையில் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுதிக்கொண்டே நடந்தேன். நான் தேடி வந்த அத்தியாயம் என் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது.

"சுடுவெல்லம் கையிலேந்தி வந்தவனே எங்கண்ணா
சுட்ட கையப் பின்னவெச்சிச் சிரிச்சவனே எங்கண்ணா..."

யாரோ என் தோளைத் தொட்டார்கள். வெல்ல வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தால் பண்ணையார். ஆலையிலிருந்து சத்தம் கேட்டு வந்திருக்கிறார். தோளில் துண்டு, கையில் கொப்பரை கிண்டும் மரத்துடுப்பு.

"வாத்தியாரே" என்றார் மெல்ல, "யாரு பூட்டாங்க?"

நான் பேனாவை மூடினேன்.

"நீங்கதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முன்னால் போகிற தங்கையைப் பார்த்தார். மச்சானின் கக்கத்தில் இருந்த கோடித் துணியைப் பார்த்தார். கோபம் வரும் என்று நான் ஒரு அடி பின்னால் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பேசாத வா. இன்னா பாடறான்னு கேப்போம்."

"மலட்டாத்து வெள்ளத்துல எங்கண்ணா - என்ன
மண்டமேல தூக்கிவந்த எங்கண்ணா
ஊருக்கு வாக்குத் தந்த எங்கண்ணா - இந்த
ஒத்தப் பொறப்ப வுட்டுத் தந்த எங்கண்ணா..."

அவர் பிடி இறுகியது. தன் சாவு ஊர்வலத்தின் கடைசி ஆளாக, தரையைப் பார்த்தபடி, துடுப்பைக் கீழே விடாமல் நடந்தார். துடுப்பிலிருந்து வெல்லப்பாகு அவர் வேட்டியில் சொட்டிக்கொண்டே வந்தது. அவர் கவனிக்கவில்லை.

வீட்டு வாசலில் சாவுப் பந்தல் இல்லை. மேளம் இல்லை. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. சத்தம் கேட்டு அவர் மனைவி வெளியே வந்தாள். அஞ்சலாட்சி அம்மாள் ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணீ! ஒன் பூவும் பொட்டும்..."

அதற்கு மேல் வரவில்லை. அண்ணியின் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் இருந்தது. தலையில் அன்று பறித்த டிசம்பர்ப் பூ இருந்தது.

ராஜமாணிக்கம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே!"

"நான் அப்பவே சொன்னேனேங்க! உயிரோட இருக்காருன்னு சத்தியம் பண்ணேனே!"

"அத சொல்ற மாரி சொல்லணும்யா!"

அவர் கை ஓங்குவதற்குள் எனக்கு முன்னால் பண்ணையார் வந்து நின்றுவிட்டார். இரண்டு மச்சான்களும் நேருக்கு நேர். தேர்தலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பண்ணையார் துடுப்பால் கோடித் துணியைக் காட்டினார்.

"இன்னா மச்சான் அது, கக்கத்துல?"

ராஜமாணிக்கம் துணியைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். மீசை ஒருதரம் துடித்தது.

"வேட்டி" என்றார். "ஒனக்கு அறுபதாங் கல்யாணம்னாங்களே. மொறையில்லாம வெறுங்கையோடவா வருவாங்க?"

ஊர் ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும். பண்ணையார் மட்டும் சிரிக்கவில்லை. தங்கையைப் பார்த்து நின்றார். அவள் அவிழ்ந்த கூந்தலோடு, அண்ணியின் தோளை விடாமல், அழுது வீங்கிய கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நிஜமாகவே இருக்கிறாரா என்று பார்த்தாளோ, அடிக்க வாகான இடம் தேடினாளோ.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் பண்ணையார். "நல்லாத்தான பாடன. மீதியும் பாடு, கேக்கறேன்."

அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"மீதி நீ செத்தப்பறம்" என்றாள். "சாவு வூட்டுக்கு வந்தா தலமுழுவிட்டுத்தான் சாப்புடணும். நீதான் சாவலியே. அண்ணி, எல போடு. காலையிலேர்ந்து பட்டினி, பசி உசுரு போவுது."

சொல்லிக்கொண்டே வாசற்படியில் ஏறினாள்.